பெரட்டுக்கு நேரமாச்சு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். முதல் வார்த்தை பொய். இரண்டாவதற்கு ஆவல் என்ற சொல் போதவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் போன் அடிப்பதே இல்லை. கடிதம் போட முகவரியும் இல்லை. உன்னைப்போல மாட்டிக்கொண்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிற சில பெற்றோர், ‘எழுதிக் குடுங்க, எல்லாருக்கும் அனுப்புவோம், உள்ள இருக்கிற எவனாவது ஒருத்தன் கையில போன் கெடைச்சா படிப்பான், உங்க மகன்கிட்ட சொல்லுவான்’ என்றார்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். உன் பேரையும் போடவில்லை, என் பேரையும் போடவில்லை. உன்னைப் பூட்டிவைத்திருக்கிற கட்டடத்துக்காரர்கள் கண்ணில் பட்டால் அடி வாங்கப்போவது நீதான். பேர் இல்லாவிட்டாலும் இரண்டு வரி படித்தாலே இது உன் அப்பன் எழுதியது என்று உனக்குத் தெரிந்துவிடும். இப்படி நீட்டி முழக்க வேறு யார் இருக்கிறார்கள்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டோம், ஞாபகம் இருக்கிறதா. கம்போடியாவில் பெரிய கம்பெனி, போனில் கஸ்டமர்களிடம் பேசுகிற வேலை, சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் செலவு என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் அம்மா மீனில் முள்ளைப் பார்த்து எடுத்துக்கொண்டே, ‘இவ்ளோ நல்ல வேலைன்னா அந்த ஊருல அதுக்கு ஆளே இல்லையா?’ என்று கேட்டாள். நான்தான், ‘புள்ள கெளம்புற நேரத்துல வாய வைக்காத’ என்று அடக்கினேன். பிறகு வழக்கம்போல என் புத்திமதியை ஆரம்பித்தேன். போகிற இடத்தில் பேரைக் கெடுத்துக்கொள்ளாதே, அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே, முதலாளி சொன்னதைக் கேட்டு நட. நீ தலையை ஆட்டிக்கொண்டே என் தட்டில் இருந்த மீனையும் எடுத்துத் தின்றாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தையை விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் காலத்தில் மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம் இருந்த ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். கித்தா மரம் சீவிப் பால் எடுக்கிறவர்கள், காட்டுவேலைக்காரர்கள் எல்லாரும் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்க, கணக்கெழுதுகிற கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுத்தால் பேர் விழும். லேட்டாக வந்தவன் பேரை வெட்டிவிடுவார். பேர் வெட்டுப்பட்டால் அன்றைக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நானும் மீசை முளைக்கிற வயதில் அந்த வரிசையில் நின்றவன். தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, ஸ்கூல் வேன் ஓட்டிப் பிழைக்க ஆரம்பித்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. நீ ஒன்றாம் வகுப்புப் போன நாளிலிருந்து உன் அறைக் கதவைத் தட்டி, ‘எழுந்திருடா, பெரட்டுக்கு நேரமாச்சு’ என்றுதான் எழுப்பினேன். சின்ன வயதில் சிரித்தாய். பெரியவனானதும் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாய்.

நீ கடைசியாகப் பேசிய அன்று, பக்கத்தில் யாரோ இருப்பது மூச்சிலேயே தெரிந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. ‘எல்லாம் ஓகேலா பா. சாப்பாடு இருக்கு. காலையில பெரட்டு இருக்கு பா. உங்க பெரட்டு மாதிரியேதான்’ என்றாய். நான் சிரித்தேன். பையன் நம்மைக் கிண்டல் பண்ணுகிறான், மனசு நல்லாயிருக்கிறான் என்று நினைத்து, ‘லேட்டா போவாதடா, பேர வெட்டிருவானுங்க’ என்றேன். போன் கட்டாகிவிட்டது. நான் சமையல்கட்டுக்குப் போய், இந்தக் காலத்துக் கம்பெனியிலும் பெரட்டு இருக்கிறதாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். ‘அவனுக்கு அந்த வார்த்தையே ஆவாதுய்யா. ஓடிப் போயிட்டானா இருக்கானான்னு ஆள எண்ணுறாங்கன்னு சொல்றான். பக்கத்துல இருக்கிறவனுக்குப் புரியக்கூடாதுன்னு நம்ம வார்த்தையில சொல்றான். நீ சிரிச்சிட்டு வந்து நிக்கிற’ என்றாள். அதற்குப் பிறகு உன் போன் வரவே இல்லை.

போலீஸ் பாலாயில் ரிப்போட் கொடுத்தோம். போகாத இடமில்லை. எந்தக் கட்டடம் என்று தெரிந்தால்தான் அந்த நாட்டுக்காரர்களிடம் கேட்க முடியும் என்று எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீ போன புதிதில் அறை ஜன்னலிலிருந்து எடுத்து அனுப்பிய படம் ஒன்று இருந்தது. மொட்டைமாடியில் நீலத் தண்ணித் தொட்டிகள் வரிசையாக வைத்த மஞ்சள் கட்டடம், அதற்குப் பக்கத்தில் பாதியில் நின்றுபோன ஒரு உயரக் கட்டடம். அங்கிருந்து தப்பி வந்த ஒருவரிடம் காட்டினோம். தலைநகரத்தின் ஓரத்தில், விமான நிலையம் போகிற சாலைப் பக்கம் இருக்கலாம் என்றார். உன் அப்பனுக்கு விமானத்தில் எந்தப் பக்கம் ஏறுவது என்றுகூடத் தெரியாது. அதனால் மலாக்காவிலிருந்து கிளம்புகிற ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு அந்தத் தலைநகரமான நோம் பென்னுக்குப் போகப் பேர் கொடுத்தேன். துணி வாங்கப் போகிற மலாய்க்காரப் பெண்கள்தான் அதில் அதிகம். தமிழன் நான் ஒருத்தன். பிள்ளையைத் தேடப் போகிறவன் கழுத்தில் டூர் அட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் அவர்கள் கொடுத்த மஞ்சள் தொப்பியோடு போனேன்.

அங்கே எங்களைச் சுற்றிக்காட்டிய கைடு, மலாய் நன்றாகப் பேசுகிற அந்த ஊர்ப் பெண். காலையில் பஸ் கிளம்புமுன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ஆட்கள், இருக்கிறேன் என்பதற்கு ‘அடா, அடா’ என்று குரல் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது தோட்டத்து வரிசை ஞாபகத்தில் குரல் கொடுக்கத் தவறிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ரெம்பியா ஊர் மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன், எனக்காகக் கையைத் தூக்கி ‘அடா’ என்றார். என்னைவிட வயதில் பெரியவர். மிட்டாய் கொடுத்தார். படம் ஒன்றுகூட எடுக்காமல் வருகிறீர்களே என்று கேட்டார். கண் சரியில்லை என்றேன்.

முதலில் அரண்மனை. தரையெல்லாம் வெள்ளி என்றாள் கைடு. எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நான் மதிலுக்கு மேலே ஏதாவது நீலத் தொட்டி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு ஆறு சேருகிற கரையில் நிழலில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் மக்சிக் தன் கதையைச் சொன்னார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவர் கணவரின் ஓய்வுப் பணம் முழுவதும் ஒரு போனில் போய்விட்டது. போலீஸ் என்று சொல்லிப் பேசியவன் பயமுறுத்தவே இல்லையாம். ‘ரொம்ப மரியாதையான பையன். மக்சிக், மக்சிக்னு வாய் நெறையக் கூப்பிட்டான். பேச்சைக் கேட்டா இந்தியர் பையன் மாதிரி இருந்துச்சு. நான் அவன்கிட்ட சாப்பிட்டியாப்பானு கூடக் கேட்டேன்’ என்றார். பணம் போனதும் கணவர் விழுந்தவர்தான். ஒரு பக்கம் வராது, பேச்சும் வராது. மக்சிக்கும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார் என்று பிள்ளைகள் வற்புறுத்தி அவரை இந்தப் பயணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த நாட்டிலிருந்துதான் அப்படியெல்லாம் போன் பண்ணுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ‘அவன் கை அழுகணும். அவனப் பெத்தவங்க அதைக் கண்ணால பாக்கணும்’ என்றார். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு மிட்டாய் கொடுத்தார்.

அது எப்போது நடந்தது என்று நான் கேட்கவில்லை, தம்பி. கேட்டிருந்தால் நீ கிளம்பிய நாளோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மரியாதையாகப் பேசச் சொல்லி உன்னை வளர்த்தது நான். வயதானவர்களை அத்தை, மாமா, மக்சிக், அங்கிள் என்று முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தது நான். அந்த மிட்டாயை வாயில் போடவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்ததாகக் கூட்டிக்கொண்டு போனது ஒரு பழைய பள்ளிக்கூடம். முன்னொரு காலத்தில் அதைச் சிறையாக்கி, ஆயிரக்கணக்கான பேரை அடைத்துவைத்துக் கொன்றார்களாம். வகுப்பறைகளுக்குள் செங்கல்லால் சின்னச் சின்ன அறை. மேல் மாடி வராந்தா முழுக்க முள்கம்பி. எதற்கு அது என்று யாரோ கேட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் குதித்துச் செத்துவிடக் கூடாதென்று கட்டியது என்றாள் கைடு. சாகிற உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள். சுவரெல்லாம் முகங்கள், படம் எடுத்த பிறகு கொல்லப்பட்டவர்கள். உன் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி தூரம் போன பிறகுதான் நான் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வெளியே வந்து ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உன் தாத்தா செத்தபோதுகூட நான் வெளியில் அழுதவனில்லை.

மக்சிக் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே செத்தவர்களுக்காகவா அழுகிறீர்கள் என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் இந்த ஊரில்தான் இருக்கிறான், வேலை என்று கூட்டிவந்து பூட்டிவைத்திருக்கிறார்கள், உங்களுக்கு வந்ததுபோல ஊர் ஊராகப் போன் பண்ணி ஏமாற்றச் சொல்கிறார்கள், மாட்டேன் என்றால் அடிப்பார்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு மேசையில் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள் குவிமாடம் வைத்த பெரிய பாசார்ச் சந்தையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் சுற்றிப் பார்த்துத் துணி வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் கைடு. நான் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு ஒரு துக்-துக் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவரிடம் உன் படத்தைக் காட்டவில்லை, ஜன்னல் படத்தைத்தான் காட்டினேன். விமான நிலையச் சாலையில் ஏறி, சந்து சந்தாக அலைந்தோம். எல்லாக் கட்டடமும் மஞ்சளாகத்தான் இருந்தது. எல்லா மாடியிலும் நீலத் தொட்டி இருந்தது. பாதியில் நின்ற அந்த உயரக் கட்டடம் மட்டும் ஒரு திருப்பத்தில் தெரிந்தது. படத்தை அதற்கு நேராகப் பிடித்தபடி, நீ எந்தப் பக்கம் நின்று எடுத்திருப்பாய் என்று திரும்பிப் பார்த்தேன். பெரிய இரும்புக் கேட் போட்ட ஒரு வளாகம் இருந்தது. மதில் மேலே முள்கம்பி. நான் தினமும் பள்ளிக்கூடத்து வேலிகளைப் பார்க்கிறவன். திருடன் வராமல் இருக்கக் கட்டுகிற கம்பி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். இது உள்பக்கம் சாய்ந்திருந்தது. காலையில் பள்ளிக்கூடத்து மாடியில் பார்த்த கம்பிதான் ஞாபகம் வந்தது.

துக்-துக் ஓட்டியவர் கையை ஆட்டி, போய்விடலாம் என்றார். நான் எதிரே ஒரு கரும்புச்சாற்றுக் கடையில் உட்கார்ந்தேன். கேட்டில் காவலுக்கு நின்றவன் என்னையே பார்த்தான். மாடி ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன, ஒன்றிரண்டு மட்டும் ஒரு சாண் திறந்திருந்தன. உன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அந்தப் பேருக்குரியவன் யார் என்று தேடிப் பிடித்து உதைப்பார்கள். என்ன கத்துவது. அந்த ஊரில் ஒருத்தனுக்கும் புரியாத, உனக்கு மட்டும் புரிகிற வார்த்தை ஒன்று என்னிடம் இருந்தது. எழுந்து நடுத்தெருவுக்குப் போய், தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு எழுப்ப எங்கள் தண்டல் லயத்துக்கு லயம் கத்திக்கொண்டு போவாரே, அந்தக் குரலில், ‘பெரட்டு! பெரட்டுக்கு நேரமாச்சு!’ என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன்.

மேல் மாடியில் ஒரு ஜன்னல் அசைந்தது. ‘அங்கிள்’ என்று ஒரு குரல் வந்தது. தமிழ்க் குரல். ‘அங்கிள், போயிடாதீங்க அங்கிள்.’ அவ்வளவுதான், யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. உன் குரல் என்றால் அப்பா என்று வந்திருக்கும். அது நீ இல்லை. நம் ஆட்களில் எவரோ பெற்று, பெரியவர்களை முறை வைத்துக் கூப்பிடச் சொல்லி வளர்த்த வேறொரு பிள்ளை. காவல்காரன் சாலையைக் கடந்து வந்தான். துக்-துக்காரர் என் சட்டையைப் பிடித்து வண்டிக்குள் இழுத்துப் போட்டார். போயிடாதீங்க என்று கேட்ட பிள்ளையை விட்டுவிட்டு நான் போய்விட்டேன். இரண்டு கை இருந்தும் அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

பாசாருக்குத் திரும்பியபோது ரொம்ப லேட்டாகிவிட்டது. பஸ் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கதவை மூட விடாமல் ரெம்பியா மக்சிக் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆள் வராமல் வண்டி நகரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாராம், கைடு சொன்னாள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கண்டுபிடித்தீர்களா என்று. ‘அனாக் ஓராங்’ என்றேன், வேறு யாரோ பெற்ற பிள்ளை. அவர் தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘அனாக் ஜுகா’ என்றார். அதுவும் பிள்ளைதானே என்று அர்த்தம். பிறகு, ‘நான் காலையில சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். அவனப் பெத்தவங்களுக்கு ஒண்ணும் ஆக வேணாம்’ என்றார். கணவரின் வாழ்நாள் பணத்தைப் பறிகொடுத்த பெண் எனக்கு அதைச் சொன்னார். கைடு மறுபடியும் பேர் கூப்பிட்டாள். இந்தத் தடவை நானே குரல் கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் பாலாயில் கட்டடம் இருக்கிற இடத்தைச் சொன்னோம், ஜன்னல் படத்தைக் கொடுத்தோம். அந்த நாட்டுப் போலீஸ் போய்ப் பார்த்தபோது உள்ளே ஆளே இல்லை, காலி கட்டடம் என்று பதில் வந்தது. எல்லாரையும் ஒரே இரவில் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் கத்தாமல் வந்திருந்தால் மாற்றியிருக்க மாட்டார்களோ என்று தெரியவில்லை. உன் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு. ‘அந்தப் புள்ள கொரலு எப்புடி இருந்துச்சு? சாப்பிட்ட கொரலா?’ என்று கேட்டாள்.

உனக்குச் சொன்ன புத்திமதிகளில் சிலவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், தம்பி. பேரைக் காப்பாற்று என்று சொன்னதை மறந்துவிடு. அவன் யாருக்குப் போன் பண்ணச் சொல்கிறானோ பண்ணு, எதைச் சொல்லச் சொல்கிறானோ சொல். எதிர்த்துப் பேசி அடி வாங்காதே. கொடுப்பதைச் சாப்பிடு, கெட்டுப்போயிருந்தாலும் சாப்பிடு. அந்தப் பாவத்தில் உன் பங்கு எதுவோ அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ரெம்பியாவுக்குப் போய் அந்த மக்சிக் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமென்றாலும் நிற்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்கூட இருக்கிற பிள்ளைகளில், அங்கிள் என்று என்னைக் கூப்பிட்டதற்காக அடி வாங்கியவன் ஒருத்தன் இருந்தால், அவன் பக்கத்தில் படுத்துக்கொள். நான் திரும்ப வருவேன் என்று அவனிடம் சொல். எந்த ஊருக்கு மாற்றியிருந்தாலும் தேடுவேன். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டுதான் வர முடியும் என்றால் அதைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

வீட்டு விஷயம் ஒன்றுதான் பாக்கி. நான் இப்போதும் வேனை எடுக்கப் போகுமுன் உன் அறைக் கதவைத் தட்டுகிறேன். உள்ளே உன் மெத்தை விரித்தபடியே கிடக்கிறது. ‘எழுந்திருடா, பெரட்டுக்கு நேரமாச்சு’ என்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் உன் அம்மா சமையல்கட்டிலிருந்து தினமும் பதில் சொல்கிறாள். ‘இன்னும் வரலய்யா. பேர வெட்டிடாத’ என்கிறாள். அன்றைக்கு நான் போனில் சிரித்துக்கொண்டு சொன்னது தப்பு, தம்பி. லேட்டாக வந்தவன் பேரை வெட்டுவது தோட்டத்தில். இந்த வீட்டில் உன் பேர் அப்படியே இருக்கிறது. எவ்வளவு லேட்டானாலும் வா.

அப்பா